வெள்ளவத்தையில் ஓர் இரத்தக்காட்டேரிக்குக் காதல் வந்தபோது

இரத்தக்காட்டேரியைக் காதலிக்க வைப்பது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்துவதை விடச் சுகமான வேலை என்று நம்பித்தான் கைபேசித் தளமொன்றில் தொடர்கதை எழுதத் தொடங்கினேன். என்னைப் போல மாட்டுப்பட்ட சகோதரிகளுக்கு இது விளங்கும். கடைசி அத்தியாயம் வரை வாசகர்கள் நின்றால் புத்தகமாகப் போடுவோம் என்று தளத்தின் ஆசிரியை சொல்லியிருந்தார். புத்தகம்! என் பெயரில்!

வாசலில் நின்றவன்

எங்கள் ஊரில் பேய் என்றால் முனிதான். கண்டால் காய்ச்சல் வரும், காதல் வராது. வெளிநாட்டுக்காரர்தான் பழைய இரத்தக்காட்டேரியை அழகனாக்கி, 'உன்னைக் கடித்துவிடுவேனோ' என்று உருக வைத்தார்கள். அவனுக்கு விதிகள் உண்டு: கை குளிர்ந்திருக்க வேண்டும், வெயில் ஆகாது, கூப்பிடாமல் வீட்டுக்குள் வரக்கூடாது. நான் அவனைக் கதாநாயகியின் வெள்ளவத்தை மாடிவீட்டு வாசலில் அத்தியாயம் முழுக்கக் காக்க வைத்தேன். முதலில் வாசித்தது என் கணவர். "பாவமப்பா, உள்ள கூப்பிட்டு ஒரு பிளேன்டீயாவது குடு."

கிழமை பிழைத்தது

அவன் முதன்முதலாக இரத்தம் குடித்ததை வெள்ளிக்கிழமை என்று எழுதிவிட்டேன். பின்னூட்டங்கள் பொரிந்தன. குடித்தது பிழையில்லையாம், கிழமைதான் பிழையாம். "தங்கச்சி, வெள்ளியில எங்கட வீட்டில முட்டை கூட இல்லை, உங்கட ஆளுக்கு இரத்தமோ?" என்று கொட்டாஞ்சேனை வாசகி ஒருவர் கேட்டார். வாசகர்கள் போனால் புத்தகமும் போய்விடும். உடனே வியாழனுக்கு மாற்றினேன். அவரே திரும்ப வந்து எழுதினார்: "இப்பதான் நல்ல குடும்பத்துப் பெடியன் மாதிரி இருக்கிறான்."

கடைசிக் கடி

இந்த வகைக் கதை எப்படி முடியும் என்று எல்லாருக்கும் தெரியும்: அவன் கடிப்பான், அவளுக்கும் சாவில்லை, நரையில்லை, பிள்ளையுமில்லை. ஆசிரியையும் அதைத்தான் கேட்டார். மகளை மடியில் வைத்துக்கொண்டு என்னால் அதை எழுத முடியவில்லை. 'எனக்குப் பிள்ளைகள் வேணும், நரையும் வேணும்' என்று என் கதாநாயகி கழுத்தை மூடிக்கொண்டாள். அவள் கிழவியாகும் வரை அவன் கடிக்காமல் கூடவே இருந்தான். "வழமையை உடைக்கிறீங்கள், புத்தகம் வராமல் போகலாம்" என்றார் ஆசிரியை. "வராட்டிலும் முடிவு இதுதான், மிஸ்" என்று சொல்லிவிட்டு, குளியலறைக்குள் போய் அழுதேன்.

அத்தியாயம் வெளிவந்த மறுநாள் அவரே அழைத்தார். "ஒரு வாசகியும் போகேல்ல. புத்தகத்துக்கு அட்டைப்படம் கீறச் சொல்லிட்டன். நான்தான் இன்னும் அழுதுகொண்டிருக்கிறன்."

வயதே போகாத ஓர் ஆண்பிள்ளையைப் படைத்த பெருமையோடு, நான் கட்டிய, வயது போய்க்கொண்டிருக்கும் ஆண்பிள்ளைக்கு இப்போது மத்தியானச் சோறு கட்டிக்கொண்டிருக்கிறேன்.