ரூல்தடி வெட்டிய வளைவுகள்

எங்கள் தெருக்காரர் ஒருவர், யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்த்து, வரிசையாக வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். எங்கள் வீட்டில் ஒரு தரம் உட்காரச் சொன்னேன். நாற்காலியைச் சுவருக்கு நேராக நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். தெருவே அவரை ரூல்தடி என்றுதான் கூப்பிடுகிறது, அவருக்குக் கோபமில்லை. "நேரா இருக்கறவனைத்தானே அப்படிக் கூப்பிடுவாங்க" என்கிறார்.

தொழில், பொக்லைன் ஓட்டுவது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊர் ஓடையை நிமிர்த்தியவர் இவர்தான். வளைவுகளை வெட்டி, பாறைகளை அள்ளி, கரை மரங்களை வேரோடு பிடுங்கி, நூல் பிடித்தாற்போல் ஒரு கால்வாய் ஆக்கினார். ஊரே கைதட்டியது. நானும்தான் தட்டினேன், இப்போது வெட்கமாக இருக்கிறது. தண்ணீர் நிற்க நேரமில்லாமல் ஓடியது. மீன் போயிற்று, மீனுக்காக வந்த பறவையும் போயிற்று. அடுத்த மழையில் கீழ்த்தெருவில் இருக்கும் அவருடைய அக்கா வீட்டுக்குள் முழங்கால் அளவு வெள்ளம். அக்கா திட்டவில்லை. "நல்லா வெட்டினடா தம்பி" என்றதோடு சரி. அது இன்றைக்கும் அவருக்கு உறுத்துகிறது.

இப்போது அதே ஓடையை மறுபடி வளைக்கும் வேலை. தானே போய்க் கேட்டு வாங்கிக்கொண்டார். முதல் வாரத்தில் ஏழு வளைவுகள் வெட்டினார். ஏழும் ஒரே அகலம், ஒரே ஆழம், ஒன்றுக்கொன்று சரியாக முப்பதடி. மேற்பார்வைக்கு வந்த பெண் பொறியாளர் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்.

"அண்ணே, இது ஓடையா, தையல் மெஷின்ல ஓட்டின பார்டரா?"

"அளவெல்லாம் சரியாத்தானே இருக்கு மேடம்?"

"அதுதாண்ணே தப்பு. ஒரு எடம் பள்ளமா, ஒரு எடம் மேடா இருந்தாத்தான் மீன் தங்கும். கண்ணை மூடிக்கிட்டு வெட்டுங்க."

அதுதான் அவரால் முடியாத காரியம். மூன்று தரம் கலைத்து வெட்டினார். கற்களை ஓடையில் உருட்டிவிடச் சொன்னால், வண்டியை நிறுத்தி, இறங்கிப்போய்க் கையால் அடுக்கினார். மழைக்காலம் முடிவதற்குள் மீன் திரும்பாவிட்டால் வேலையை நிறுத்திவிட்டு இரண்டு கரையிலும் சிமென்ட் பூசிவிடுவார்கள் என்று பொறியாளர் அலுவலகத்தில் பேச்சு. அன்றிலிருந்து மனிதருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "தட்டுல விரலால கோணல்மாணலா கோடு போட்டுப் பழகறாருங்க, சோறு ஆறிப் போகுது" என்று அவர் மனைவி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

நேற்றுக் காலை நானும் கூடப் போனேன். மழை விட்டு நாலு நாள் ஆகியிருந்தது. அவர் அடுக்கிய கற்களில் ஒன்று மட்டும் வரிசையை விட்டு உருண்டு, நடு ஓட்டத்தில் ஒருக்களித்துக் கிடந்தது. அவருக்குப் பொறுக்குமா? "ச்சே, பாருங்க சார் இதை" என்று பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினார். குனிந்து, இரண்டு கைகளையும் நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார்.

கல்லுக்குப் பின்னால், தண்ணீர் சற்றே சுழன்று அடங்கும் நிழலில், விரல் நீளத்தில் நாலைந்து மீன்கள் ஓட்டத்துக்கு எதிராக முகம் வைத்து நின்றிருந்தன.

ஒரு கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். மற்றதையும் இழுத்துக்கொண்டார். இரண்டையும் அக்குளில் இறுகச் செருகிக்கொண்டு, தண்ணீர் கலங்காமல், பின்பக்கமாகவே நடந்து கரையேறினார்.