மாமாவின் தோளில் இன்னொருவன்

என் தாய்மாமன் எனக்குப் பதிலாக வேறொரு மருமகனை எடுத்துக்கொள்ளப் போகிறார் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை முழுக்க நான் நம்பினேன். சிரிக்காதீர்கள். ஏழு வயதில் எனக்கு மாமா என்பவர் டவுன் பஸ் சீட்டு மாதிரி. பிறந்த அன்றே துண்டு போட்டுப் பிடித்துவைத்திருந்தேன். துண்டை எடுத்துப் போட்டுவிட்டு இன்னொருத்தன் உட்காருவான் என்று யார் எதிர்பார்த்தது?

நடந்த இடம் ஊரின் பெரிய பூங்கா. ஞாயிறுதோறும் அங்கே திறந்தவெளி மேடையில் மெல்லிசைக் கச்சேரி நடக்கும். வில்லாபுரத்திலிருந்து மாமா என்னைக் கூட்டிப்போவார். கூட்டம் மறைத்தால் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வார். அங்கிருந்து பார்த்தால் தபேலாக்காரரின் வழுக்கைகூடத் தெரியும். கீழே நிற்கிற பையன்களை ஒரு ஜமீன்தார் பார்வை பார்ப்பேன்.

அந்த ஞாயிறு அம்மாவும் கூட வந்தாள். மாமா சலவைச் சட்டையில் இருந்தார், கழுத்துவரை பவுடர். நாங்கள் புல்தரையில் உட்கார்ந்த சற்று நேரத்தில், கொட்டாம்பட்டியிலிருந்து வந்த ஒரு குடும்பம் எங்கள் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தது. அப்பா, அம்மா, தலை நிறைய மல்லிகை வைத்த ஓர் அக்கா, என்னைவிடச் சின்னவனாக ஒரு பையன். அம்புட்டுப் பெரிய பூங்காவில் இவர்களுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா என்று நினைத்தேன். அம்மாவோ, "வாங்க வாங்க, பஸ்ஸு கிடைக்கலையோன்னு பார்த்துக்கிட்டே இருந்தோம்" என்று நகர்ந்து இடம் விட்டாள்.

மாமா அந்த அக்காவைப் பார்க்கவே இல்லை. மரத்தைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். அங்கே பாட்டே தொடங்கவில்லை, ஒருவர் மைக்கைத் தட்டி "ஹலோ, செக், செக்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாமா அதற்கே தலையை ஆட்டி ரசித்தார். பிறகு அந்தப் பையனிடம் திரும்பி, "தம்பி, டெல்லி அப்பளம் திங்கிறியா?" என்றார்.

என்னை அவர் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. நான் அழுது, தரையில் புரண்டு, சட்டையெல்லாம் மண்ணான பிறகுதான் எனக்கு அப்பளம் வரும். இவனுக்கோ வாய் திறக்காமலே முழு அப்பளம், மிளகாய்ப்பொடி தூவி. நானும் கையை நீட்டினேன். "நீ வீட்டுல தின்னுட்டுத்தானடா வந்த" என்றார் மாமா.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பாட்டு தொடங்கியது, முன்னால் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். மாமா குனிந்தார். நான் வழக்கம்போலக் காலைத் தூக்கினேன். அவர் தூக்கியது அவனை.

"மாமா, எனக்கு மேடை தெரியல."

"நீ பெரிய பயல்ல. எக்கிப் பாருடா."

வரும்போது பஸ்ஸில் கண்டக்டரிடம், "இன்னும் அஞ்சு வயசே ஆகலண்ணே" என்று எனக்கு டிக்கெட் எடுக்காமல் தப்பித்த அதே வாய்.

அப்போதுதான் எனக்குக் கணக்குப் புரிந்தது. இனிமேல் பொங்கல் சட்டை அவனுக்கு. அவனியாபுரம் ஜல்லிக்கட்டில் தோள் அவனுக்கு. மாமா மடியில் உட்காரவைத்துத்தான் எனக்குக் காது குத்தினார்கள். அந்த ஓட்டையையும் திருப்பிக் கேட்பாரோ என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன்.

பூங்காவில் தொலைந்துபோகும் பிள்ளைகளை மேடையோரம் உட்காரவைத்து, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மைக்கில் சொல்வார்கள். நான் தொலையவில்லை. தொலைந்தது மாமா. ஆனாலும் கால்களுக்கிடையே புகுந்து போய் மேடையேறிவிட்டேன்.

மைக்குக்காரர் குனிந்து, "யாரு கூடப்பா வந்த?" என்றார்.

"மாமா கூட. அவரு இப்ப வேற பையன வச்சிருக்காரு."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். மைக்கைப் பிடித்தார்.

"வில்லாபுரத்துல இருந்து வந்திருக்கிற, பச்சைச் சட்டை போட்ட பையனோட தாய்மாமா எங்க இருந்தாலும் மேடைக்கு வரவும். தான் இன்னும் வேணுமா வேணாமான்னு மருமகன் கேக்குறாரு."

கூட்டத்தைப் பிளந்துகொண்டு மாமா ஓடிவந்தார். தோளில் அவன் அப்படியே இருந்தான். இறக்கிவிட்டு வர வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. கையும் களவுமாக என்பார்களே, அதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"என்னண்ணே, வேணுமா?" என்றார் மைக்குக்காரர்.

பவுடர் கரைந்து வழிய, "வேணும்ணே, இவனும் வேணும்" என்றார் மாமா. பூங்காவே சிரித்தது. தூரத்தில் அந்த அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். 'இவனும்' என்றாரே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவனை என் பக்கத்தில் இறக்கிவிட்டார். அவன் தேம்பிக்கொண்டிருந்தான். கையிலிருந்த அப்பளத்தில் ஒரு கடிகூட இல்லை. அகப்பட்ட திருடன் அழத்தானே செய்வான் என்று நினைத்தேன். அப்பளத்தைப் பிடுங்கி முழுசாகத் தின்றேன். அவன் தடுக்கவில்லை. அவன் அக்கா இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போதும் கச்சேரிகளில் தொலைந்த பிள்ளை அறிவிப்பு வந்தால் என் மனைவி என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். நானும்தான் சிரிக்கிறேன்.

அன்று நடந்தது பெண் பார்ப்பது. வீட்டில் வைத்துப் பார்த்து, அமையாமல் போனால் தெருவுக்கே பதில் சொல்ல வேண்டும். பூங்கா என்றால் பாட்டுக் கேட்க வந்தோம் என்று எழுந்து போய்விடலாம். யாரும் எழுந்து போகவில்லை. அந்தச் சிரிப்பிலேயே சம்மதம் தெரிந்துவிட்டது என்று அம்மா சொல்வாள். அவன் அந்த அக்காவின் தம்பி, அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். எதற்காகப் போகிறோம் என்று அவனுக்குப் பஸ்ஸிலேயே சொல்லியிருந்தார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு மாமாவின் தோள் எனக்குத் திரும்பக் கிடைத்தது. தை மாதம் அந்த அக்கா எனக்கு அத்தையாகி வில்லாபுரத்துக்கு வந்தாள். அவன் கொட்டாம்பட்டியில் இருந்தான்.