ஏணி பிடித்த இரண்டு வருஷம்

அந்த வாத்தியார் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று ஆசையும் இல்லை.

செங்கல்பட்டில் ஒரு தனியார் ஐடிஐயில் எலெக்ட்ரீஷியன் படித்தேன். வகுப்பில் பெண் நான் ஒருத்திதான். செய்யூர்ப் பக்கத்திலிருந்து பஸ் மாறிப் போவேன். பிராக்டிகல் ஹாலில் சுவரில் பைப் அடித்து, கூரை வரை ஒயர் இழுத்து, மேலே பல்பு மாட்ட வேண்டும். அதற்கு ஓர் இரும்பு ஏணி. சிமென்டுத் தரையில் அது வழுக்கும் என்பதால், ஒருவர் ஏறினால் ஒருவர் பிடிக்க வேண்டும். பையன்கள் முறை வைத்து ஏறுவார்கள். பிடிப்பது மட்டும் எப்போதும் நான்.

முதல் வாரம் என் முறை என்று முன்னே போனேன். சுடிதார் போட்டுக்கொண்டு ஏறக்கூடாது என்றார் வாத்தியார். மறுநாள் அண்ணனின் காக்கி பேண்டைச் சுருக்கித் தைத்துப் போட்டுக்கொண்டு போனேன். பெண்பிள்ளை இப்படியா வருவது என்று அதற்கும் ஒரு பாட்டு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஏற்றிவிட மனமில்லாதவருக்கு என் உடுப்பு கோணல்.

"உனுக்கு இன்னாத்துக்குமா மேல ஏறுற வேல? ஏணியப் புடி. ஆடாம புடி" என்றார்.

எனக்கு அவர் நடத்திய பாடம் அவ்வளவுதான். மேலிருந்து தூள் என் தலையில் கொட்டும். ஸ்க்ரூ விழும். மேலே நிற்கிறவன் கோணலாகத் துளை போட்டால், கீழே நான் ஆட்டினேன் என்று எனக்குத் திட்டு விழும். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மாட்டுக் கொட்டகையில் நானே பைப் அடித்தேன், கழற்றினேன், மறுபடி அடித்தேன். அம்மா ஏணி பிடித்தாள். பிடித்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. ரோட்டில் போகிறவர்களோடு பேசிக்கொண்டே ஆட்டினாள்.

கடைசிப் பரீட்சை வந்தது. தேறினால் மறைமலைநகரில் ஒரு கம்பெனி எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. தேறாவிட்டால் அம்மாவோடு மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைச் செடிக்குக் களை எடுக்க வேண்டியதுதான். வெளியிலிருந்து பரிசோதகர் வந்திருந்தார். வாத்தியார் என்னைக் கடைசி ஆளாகப் போட்டார். காலையிலிருந்து பையன்கள் அத்தனை பேருக்கும் ஏணி பிடித்தேன். முடித்தவன் முடித்தவன் கிளம்பிப் போனான். என் முறை வந்தபோது ஹாலில் நாங்கள் மூன்று பேர்தான்.

"இந்தப் பொண்ணு மேல ஏறுனதே இல்ல சார். டேபிள் மேலயே செய்யட்டும், பாதி மார்க் போட்டுக்கலாம்" என்று வாத்தியார் பரிசோதகரிடம் சொன்னார்.

பாதி மார்க் என்றால் ஃபெயில். ஏறுகிறேன் சார் என்று பரிசோதகரைப் பார்த்துச் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிடிக்க ஆள் இல்லாமல் ஏறக்கூடாது, நீங்களே பிடியுங்கள் என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டார்.

ஏறினேன். துளை போட்டேன். தூள் நேரே கீழே கொட்டியது. தள்ளி நில்லுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒயரை முடுக்கும்போது ஏணி லேசாக அசைந்தது. வேண்டுமென்றே ஆட்டினாரா, கை வலித்ததா, தெரியாது. குனிந்து பார்த்தேன். வாத்தியாரின் வழுக்கைத் தலை முழுக்க வெள்ளைத் தூள்.

"ஆடாம புடிங்க சார்" என்றேன்.

பரிசோதகர் ஸ்விட்சைப் போட்டார். பல்பு எரிந்தது. முழு மார்க் என்று சொல்லி ஸ்விட்சை அணைத்தார். நான் இறங்கவில்லை. முடுக்கிய ஸ்க்ரூவையே ஒவ்வொன்றாக மறுபடி முடுக்கிப் பார்த்தேன். வாத்தியார் பிடித்துக்கொண்டே நின்றார்.