மூன்றாவது மடிப்பு

என் அக்காவிடம் வாயைக் கொடுத்து மீண்டவர் யாரும் கிடையாது. நாங்கள் வேலை செய்யும் சலவைக் கூடத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் மலைபோல் வந்து குவியும். நான் இஸ்திரிப் பிரிவு, அவள் மடிப்புப் பிரிவு. விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் போதும், "இதுல யாரு படுத்து எந்திரிச்சது, நீயா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பாள். தங்கையாயிற்றே என்றெல்லாம் பார்க்கமாட்டாள்.

பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. முதல் இரண்டு மடிப்பும் நின்ற இடத்திலேயே முடிந்துவிடும். மூன்றாவதற்கு இருவரும் எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். மெஷின் இரைச்சலில் பேச்சு எடுபடாது என்பதால் ஒருவர் மூக்கால் நீளமாக முனகுவார். முனகல் நின்றதும் நடக்க வேண்டும். அந்தச் சத்தம் காதுக்கு வருவதில்லை, துணி வழியாகக் கைக்கு வருகிறது என்பாள் அக்கா.

அவளுக்கு எதிர்முனை அத்தான்தான், அவள் புருஷன். மகா பொறுமைசாலி. ஆனால் மூன்றாவது மடிப்பில் மட்டும் அந்தப் பொறுமை எங்கே போகுமோ, தன் முனகல் முடிவதற்கு முன்பே அவரே அரை அடி எடுத்து வைத்துவிடுவார். துணி தொய்ந்து ஒரு முனை தரையில் பட்டுவிடும். தரையில் பட்டதை மறுபடி தண்ணீரில் போட வேண்டும் என்பது கூடத்துச் சட்டம். "அவசரக்குடுக்கை!" என்று கத்துவாள் அக்கா. அவர் சிரிப்பார். கல்யாணமான நாளிலிருந்து இதே கூத்துதான். திட்டு வாங்கவே மனிதர் வேண்டுமென்று செய்கிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் முனை தரையில் விழுந்தது. அக்கா தலையைத் தூக்காமலே திட்டினாள். சிரிப்புச் சத்தம் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால், விரிப்பைப் பிடித்தபடியே அவர் சரிந்து கிடந்தார். மாரடைப்பு. டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பிறகு கூடத்தைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். அக்கா 'அவசரக்குடுக்கை' என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டாள். எதிர்முனைக்கு யாரையும் சேர்க்கவும் இல்லை. சுவரில் கொக்கி மாட்டி, விரிப்பை அதில் கோத்துத் தனியாகவே மடித்தாள். வேலை பாதிகூட ஓடவில்லை. சூப்பர்வைசர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இந்த மாசத்தோட சரிம்மா. ஒண்ணு ஆள் சேத்துக்குங்க, இல்ல வேற இடம் பாத்துக்குங்க" என்றார். அக்கா அடுத்த விரிப்பை எடுத்துக் கொக்கியில் கோத்தாள். எனக்குத்தான் பயமாகிவிட்டது. இந்த வேலையும் போனால் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தே கரைந்துவிடுவாள்.

அந்த வாரம்தான் பஸ்ஸில் என் போன் ஒரு ஆல்பத்தை நீட்டியது. நான் பாட்டுப் பைத்தியம், எது கிடைத்தாலும் கேட்பேன். அட்டைப் படத்தில் கல்யாண வீட்டு குரூப் போட்டோ மாதிரி இருபது பேருக்கு மேல் நின்றார்கள். கிடார், டிரம்ஸ் போதாதென்று வயலின், செல்லோ, டிரம்பெட். எந்தக் கம்பெனியையும் நம்பாமல் தாங்களே கூடிப் போட்ட ஆல்பமாம். இத்தனை பேருக்கு டீ வாங்கவே ஒரு ஆள் தனியாக வேண்டுமே என்று சிரித்துக்கொண்டேன். பிறகுதான் அவர்கள் நின்ற இடத்தைப் பார்த்தேன். பச்சை ஓடு பதித்த சுவர், தரையின் நடுவே தண்ணீர் ஓடும் வாய்க்கால். எங்கள் பழைய கூடம். எதிரொலி நன்றாக இருக்கிறதென்று வாடகைக்குப் பிடித்திருக்கிறார்கள்.

கேட்டேன். டிரம்ஸ் நெஞ்சில் இடிக்க, அதன் மேல் வயலின்கள் ஏறிக்கொண்டே போக, ஒரு கும்பலே தொண்டை கிழியப் பாடியது. இப்படி ஒன்றை நான் கேட்டதே இல்லை. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐந்தாவது பாட்டின் நடுவில் எல்லாம் சட்டென்று நின்றது. அந்த அமைதியில் ஒரு ஆண் குரல் மூக்கால் நீளமாக முனகியது. முனகல் முடியுமுன்பே ஒரு செருப்புக் காலை முன்னால் வைக்கும் சத்தம். அதன் பிறகே வயலின்கள் வந்தன. நான் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது.

அந்தக் குழுவுக்கு எழுதிக் கேட்டேன். செல்லோ வாசிக்கும் பெண் குரல் செய்தியாகவே பதில் அனுப்பினாள். "அது யாருன்னு எங்களுக்கே தெரியலைங்க. கூட்டம் ஜாஸ்தி இல்லையா, வேற யாரோ பாடுறாங்கன்னு ஆளாளுக்கு நினைச்சுக்கிட்டோம். அப்புறமா கேட்டா எல்லாருமே நான் இல்லைங்கறாங்க. ஆனா அழகா இருந்துச்சு, அதான் வெட்டாம விட்டுட்டோம்."

சொல்லவா வேண்டாமா என்று அல்லாடினேன். மாதத்தின் கடைசி நாள், மதிய இடைவேளையில், அக்காவின் காதில் வைத்தேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. இன்னொரு தரம் போடச் சொன்னாள்.

"பாதி விரிப்போட அங்கேயே நின்னுக்கிட்டு இருக்காருடி" என்றாள். "நான் திட்டினதோட மடிப்பு அப்படியே நிக்குது. முடிச்சுக் கொடுக்கணும்."

"யாரை வச்சு முடிச்சுக் கொடுக்கப் போற அக்கா?"

"எந்திரி. அந்தப் பக்கம் போய் நில்லு."

போனை மேசைமேல் வைத்து ஐந்தாவது பாட்டைப் போட்டாள். கொக்கியிலிருந்து விரிப்பைக் கழற்றி இரண்டு முனைகளை என் கையில் திணித்தாள். முதல் மடிப்பு. இரண்டாவது மடிப்பு. பாட்டு நின்றது. முனகல் வந்தது. போன் மேசைமேல் இருந்தது, ஆனால் சத்தம் துணி வழியாக வந்து என் விரல்களில் அதிர்ந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. விட்டுவிடலாம் என்று பார்த்தால் கை விடவில்லை. முனகல் முடியுமுன்பே என் கால் அரை அடி முன்னால் போய்விட்டது. துணி தொய்ந்தது. முனை தரையில் விழுந்தது.

"அவசரக்குடுக்கை!" என்றாள் அக்கா.

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு குனிந்து அந்த முனையை எடுத்து மற்றதோடு சேர்த்து, அழுதுகொண்டே மடித்து முடித்தாள். அந்த விரிப்பை மட்டும் அவள் தண்ணீரில் போட விடவில்லை.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் மறுபடி கேட்டேன். ஐந்தாவது பாட்டில் வெறும் அமைதி. அதன் பிறகு வயலின்கள். நாலைந்து தரம் போட்டுப் பார்த்துவிட்டேன். மறுநாள் செல்லோக்காரியிடமிருந்து செய்தி வந்தது: "நீங்க கேட்டீங்களே, அந்தக் குரல், இப்ப உங்களுக்குக் கேக்குதா?"

இப்போது நான்தான் அக்காவுக்கு எதிர்முனை. வேலை மளமளவென்று ஓடுகிறது, சூப்பர்வைசருக்கு வாயெல்லாம் பல். நான் நிதானக்காரி, பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடமாட்டேன். ஆனால் மூன்றாவது மடிப்பில் என் கால் என்னைக் கேட்பதில்லை. முனை விழுகிறது. அக்கா பழையபடி வாய்நிறையத் திட்டுகிறாள். எனக்கு அவள் திரும்பக் கிடைத்த சந்தோஷம்தான்.

திட்டும்போது மட்டும் அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. என் தோளுக்கு மேலே, அத்தானின் உயரத்தில் பார்க்கிறாள். நான் திரும்பிப் பார்ப்பதில்லை.