கன்னத்தில் கை வைக்கக் கூடாது

கன்னத்துக்கு அழகு சத்திரசிகிச்சை செய்யும் கிளினிக்கில் நேர்ஸாக இருப்பவளுக்கு ஊசியைவிட வாய்க்குத்தான் வேலை அதிகம். ஒரே பதிலை நாளுக்கு இருபது தரம் சொல்லித் தொண்டை வறண்டவர்களுக்கு நான் கண்டியில் பட்ட பாடு புரியும்.

வயிற்றிலிருந்து கன்னத்துக்கு

மல்லிகா அக்கா கெலிஓயாவிலிருந்து கணவரோடு வந்தார். அக்கா மாநகர சபையில் கிளார்க். சின்ன வயதில் கட்டி அறுத்ததில் இடது கன்னம் குழி விழுந்திருந்தது. பேசும்போதெல்லாம் உள்ளங்கையால் அதை மூடிக்கொள்வார். நான்கு மாதத்தில் மகளுக்குக் கல்யாணம். ஒரு படத்திலாவது முகத்தை மறைக்காமல் நிற்க வேண்டும் என்பதுதான் ஆசை. சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது, எனக்கும்தான்.

வயிற்றுக் கொழுப்பைக் கொஞ்சம் எடுத்துக் கன்னத்தில் வைப்பார்கள், முதலில் வீங்கும், பிறகு வடியும், வைத்ததில் ஒரு பங்கு கரைந்தும் போகும் என்று விளக்கினேன். கணவர் கவனமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"பத்தாட்டி சொல்லுங்க மிஸ், என் வயித்துலயும் இருக்கு."

ஆறாம் நாள்

சத்திரசிகிச்சை முடிந்ததும், சில வாரத்துக்குக் கன்னத்தை அழுத்தவே கூடாது, அழுத்தினால் வைத்த கொழுப்பு பிடிக்காது என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினேன். ஆறாம் நாள் வந்தார், கை கன்னத்தில்! வீக்கத்தை பஸ்ஸில் யாரும் பார்த்துவிடக் கூடாதாம். "இவ்வளவு கஷ்டப்பட்டதும் வீணாகப் போகுதே!" என்று கத்திவிட்டேன். அவர் அழுதுவிட்டார். பாவம், முப்பது வருடப் பழக்கம் ஆறு நாளில் போகுமா? மன்னிப்புக் கேட்டேன்.

அன்றிலிருந்து வெளியே போனால், கன்னத்துக்குப் போகும் அந்த இடது கையைக் கணவர் விடவே இல்லை. அடுத்த முறை வந்தபோது அக்கா மெதுவாகச் சொன்னார்:

"கல்யாணமான புதுசுலகூட இவரு என் கையப் புடிச்சு நடந்ததில்ல மிஸ்."

கல்யாணப் படம்

கல்யாணம் முடிந்ததும் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். உற்றுப் பார்த்தால் இடது கன்னம் இன்னும் ஒரு சுற்று குறைவுதான். ஆனால் மகள் பக்கத்தில் நேராக நின்று வாய் நிறையச் சிரிக்கிறார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சொந்தக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"கன்னத்தப் பத்தி ஒருத்தர்கூட வாயத் தொறக்கல மிஸ். 'எப்பப் பாத்தாலும் கன்னத்துல கை வச்சுக்கிட்டு கவலையா இருப்பியே, இன்னைக்குத்தான் சந்தோஷமா இருக்க'ன்னாங்க. அந்தக் குழிய யாரும் பாத்ததே இல்ல போல."

என்னென்ன எதிர்பார்க்கலாம் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை, இதை மட்டும் நானே எதிர்பார்க்கவில்லை.