சங்கமன்கண்டிக்குப் போகாத நடை

கடற்கரையோரமாக மூன்று நாள் நடந்து போய்ச் சங்கமன்கண்டிப் பாறையில் ஏறி நிற்பதுதான் திட்டம். இலங்கைப் படத்தில் கிழக்கே ஆகவும் தள்ளி நிற்கிற மூக்கு அந்த இடம். புவியியல் கொப்பியில் அந்த மூக்கை எத்தனையோ தடவை வரைந்திருக்கிறேன். கல்முனையில் பஸ் ஏறினால் இரண்டு மணித்தியாலத்தில் போய்விடலாம். நான் இன்றுவரை போகவில்லை.

எழுபத்தெட்டில் சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருசம் அது. எங்கள் மகளிர் பாடசாலைக்கு மட்டக்களப்பிலிருந்து ஒரு டீச்சர் வந்திருந்தார். கல்யாணம் முடிக்காதவர், சைக்கிளில் பாடசாலைக்கு வருபவர். வந்த ஆறு மாதத்தில் சாரணியர் அணி ஒன்றைத் தொடங்கி, பதினொரு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கூடாரமடித்து நடக்கப் போகிறேன் என்றார். ஊரில் பாதி வீடுகளில் அன்று சோறு இறங்கவில்லை.

வாப்பா ஒரேயடியாக மாட்டேன் என்றார். பிறகு தன் தங்கச்சியும் கூடப் போவதென்றால் போகலாம் என்றார். வாப்பாவின் தங்கச்சி எனக்கு மாமி. மாமியின் மகள், என் மச்சி, என்னோடு ஒரே வகுப்பு. மகளுக்காக மாமி எப்படியும் வரத்தான் இருந்தார். பிள்ளைகளை ஐந்து நேரமும் தொழவைப்பது தன் பொறுப்பு என்று அதிபரிடமே போய்ச் சொல்லி, பயணத்தில் தனக்கொரு பதவியையும் எடுத்துக்கொண்டார்.

எங்கள் வீட்டில் என் படிப்புக்கு ஓர் எல்லை இருந்தது. "பெரிய பிள்ளையாகுமட்டும் படிக்கட்டும்" என்பார் வாப்பா. என் ரிப்போட்டில் கையெழுத்து வைக்கும் ஒவ்வொரு தடவையும் சொல்வார், ஏதோ எனக்கு மறந்துவிடும் என்பதுபோல. வேறு சில வீடுகளில் அந்தக் கட்டு அப்போதே தளரத் தொடங்கியிருந்தது. எங்கள் குடும்பத்தில் தளரவில்லை. நான் வகுப்பில் முதலாம் பிள்ளை, மச்சி இரண்டாம் பிள்ளை. இன்னும் ஒரு வருசம் என் உடம்பு பொறுத்தால் ஓ.எல். சோதினையை எழுதிவிடலாம். தொழுது முடித்துக் கையேந்தும்போதெல்லாம் நான் கேட்டது அந்த ஒரு வருசத்தைத்தான். அதைக் கேட்டுக் கேட்டு, சொர்க்கத்தைக் கேட்க மறந்துபோனேன்.

அக்கரைப்பற்று வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து கடலைப் பிடித்துத் தெற்கே நடந்தோம். சப்பாத்தைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஈர மணலில் நடக்கச் சொன்னார் டீச்சர். தென்னைகளில் பாதிக்குத் தலை இல்லை. சூறாவளி திருகிக்கொண்டு போன மரங்கள் கம்பமாக நின்றன, நிழலுக்கு ஒதுங்க இடமில்லை. ஆனாலும் அன்றைக்கு நான் சிரித்த மாதிரிப் பிறகு சிரித்த ஞாபகம் இல்லை. மாமி குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். முக்காடு காற்றில் நழுவிய பிள்ளையின் பெயரை அங்கிருந்தே சத்தமாகக் கூப்பிடுவார். நாங்கள் பெயர் கேட்டவுடன் தலையில் கை வைப்போம்.

அன்றிரவு தம்பிலுவிலுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் கூடாரமடித்தோம். நானும் மச்சியும் ஒரு கூடாரம். அவளுக்கு ஊசியில் நூல் கோக்கவும் வராது, கூடாரக் கயிற்றில் முடிச்சுப் போடவும் வராது. எல்லா முடிச்சையும் நானே போட்டேன்.

மறுநாள் காலை வினாயகபுரம் கரையில் ஆட்கள் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் எங்களையும் கயிற்றைப் பிடிக்கவிட்டார். இழுத்துக்கொண்டு நிற்கும்போதுதான் தெரிந்தது. அடிவயிற்றில் விடியலிலிருந்தே ஒரு பிடிப்பு இருந்தது. கடல் காற்று என்று நினைத்திருந்தேன்.

கயிற்றை விட்டுவிட்டு மச்சியைத் தாழம்பற்றைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். அவள் பதறவில்லை. தன் பையின் அடியிலிருந்து மடித்த துணி இரண்டை எடுத்துத் தந்தாள். ஓரம் மடித்துத் தைத்த, நன்றாக வெளுத்த துணி.

"உனக்கும் வந்திட்டா?" என்று கேட்டேன்.

"நோன்புக்கு முந்தியே. ஆருக்கும் தெரியா. நீ கதைச்சிராதே."

அவள் தன் உம்மாவுக்கும் தெரியாமல் மறைத்துவைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவளுடைய தைரியத்தைப் பார்த்து எனக்கு மலைப்பாக இருந்தது. இரண்டு பேரும் மறைப்போம், இரண்டு பேரும் சோதினை எழுதுவோம் என்று கையைப் பிடித்துச் சத்தியம் செய்தோம். அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பயமே இல்லை.

பகலில் லுஹர் தொழுகை நேரம் வந்தது. ஒரு தோணியின் பக்கத்தில் நிழல் பார்த்துப் பாய் விரித்து, மாமி எங்களைக் கைகால் கழுவி ஒழுச் செய்யச் சொன்னார். இதை மட்டும் நாங்கள் யோசித்திருக்கவில்லை. அந்த நாட்களில் பெண்ணுக்குத் தொழுகை இல்லை. தெரிந்துகொண்டே நின்று தொழுவது பாவம், ஓதல் பள்ளியில் முதல் பாடமே அதுதான். வாளித் தண்ணீரில் கையை நனைத்தேன். எல்லோரும் வரிசையில் போய் நின்றார்கள். மச்சி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த ஒரு வருசத்தை நான் கையேந்திக் கேட்ட அல்லாவிடமே போய்ப் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

மாமி திரும்பிப் பார்த்தார். "ஏன் புள்ள இருக்காய்? எழும்பு."

"எனக்குத் தொழுகையில்ல மாமி."

தொழுகையைத் தொடங்கத் தக்பீர் கட்டத் தூக்கிய கையை மாமி இறக்கினார். பிறகு திரும்பி நின்று தொழவைத்து முடித்தார். சலாம் கொடுத்ததும் நான் ஓடிப்போய் அவருடைய கையைப் பிடித்தேன்.

"அல்லாவுக்காக வாப்பாட்டச் சொல்லிராதீங்க மாமி. ஒரு வருசம். சோதினை முடியட்டும்."

"இது ஒளிக்கிற சாமானா? அமானிதம் மகள். உன்ட வாப்பா நம்பி என்ட கையில தந்தவரு" என்றார். குரல் அவ்வளவு கனிவாக இருந்தது.

டீச்சர் வந்து, "இது நோயில்லைதானே, நடந்து முடிக்கட்டும்" என்று சொல்லிப் பார்த்தார். "இது எங்கட குடும்ப விசயம் டீச்சர்" என்று மாமி வாயை அடைத்தார். கரைவலை மீனை ஏற்றிக்கொண்டு கல்முனைக்குப் புறப்பட்ட லொறிக்காரர் எங்கள் ஊரவர். அவரிடம் வாப்பாவுக்குச் செய்தி போயிற்று. பொழுது சாயுமுன் வாப்பா வாடகைக் காரில் வந்து இறங்கினார். அவர் திட்டவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. 'உங்கட மகளும் தான்' என்ற சொல் என் நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொன்னால் மச்சியின் படிப்பும் போய்விடும் என்று விழுங்கினேன். அவள் கூடாரத்துணியை மடித்துக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை.

ஏழாம் நாள் பெரிய பிள்ளையானதற்குத் தண்ணீர் வார்த்தார்கள். முதல் குடத்தை ஊற்றியது மாமிதான். வந்த பெண்களுக்குக் கிண்ணத்தப்பமும் வாழைப்பழமும் கொடுத்தார்கள். என் கொப்பிகளை உம்மா பெட்டியில் வைத்துப் பூட்டினார். வகுப்பில் மச்சி முதலாம் பிள்ளையானாள்.

பதினேழு வயதில் எனக்குக் கல்யாணம். மச்சி பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனாள், திரும்பி வந்து நாங்கள் படித்த பாடசாலையிலேயே டீச்சரானாள். எண்பதுகளின் கடைசியில் ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். என் மூன்றாவது பிள்ளை பிறந்து நாற்பது நாள் முடிந்திருந்த நேரம். சண்டையால் அந்தப் பக்கக் கடற்கரையில் பகலிலும் ஆட்கள் நடக்கப் பயந்த காலம் அது. அதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பயணத்தின் பேச்சு வந்தது.

"நீ ஏன்டி அண்டைக்குத் தொழாம இருந்த?" என்று கேட்டாள். உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டாள். "நான் அந்த நாளெல்லாம் சும்மா நிண்டு வாயை அசைச்சிட்டு வருவன். ஓதாம நிண்டா தொழுகையில்லதானே, பாவமுமில்ல எண்டு உம்மாதான் சொல்லித் தந்தவ."

கையிலிருந்த பிள்ளையை மடியில் கிடத்தினேன். ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவளின் பையில் ஓரம் தைத்த துணி எப்படி வந்தது என்று பத்து வருசமாக எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எவ்வளவு பெரிய மடைச்சி நான். மாமியிடமிருந்து நான் காப்பாற்றிய இரகசியம் மாமியின் கையால் தைத்தது. மகளின் பக்கத்தில் நின்று, மகள் அந்த நாட்களில் வாயசைப்பதைத் தெரிந்துகொண்டே, என்னைத் திரும்பிப் பார்த்து எழும்பு என்றார். நான் எழும்பியிருந்தால் கண்டும் காணாமல் விட்டிருப்பாரோ, அது எனக்குத் தெரியாது. தெரியாததுதான் ஆக எரிகிறது.

அடுத்த வருசம் மாமி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். போகிறவர்கள் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். கேட்டால் மன்னித்தேன் என்று சொல்லி அனுப்புவதும் வழக்கம். வெள்ளைச் சீலையில் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அறிஞ்சும் அறியாமலும் ஏதும் பிழை செஞ்சிருந்தா மன்னிச்சிக்க மகள்."

"என்ன பிழை மாமி?"

"பொதுவாத்தான் மகள். எல்லாரிட்டயும் கேக்கிறதுதானே."

"நீங்க சொல்லுங்க. சொன்னா மன்னிக்கிறன்."

மாமி என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்று கண்ணில் தெரிந்தது. வாசலில் நின்ற வான் ஹோன் அடித்தது. கையை மெல்ல எடுத்துக்கொண்டு, இன்னும் நாலு வீடு இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார்.

மக்காவிலிருந்து வந்து ஈச்சம்பழமும் ஸம்ஸம் தண்ணீரும் கொடுத்தனுப்பினார். பிள்ளைகள் பழத்தைத் தின்றார்கள், தண்ணீரை நானும் குடித்தேன். பெருநாளைக்கு அவர் வருவார், தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன். மன்னித்தேன் என்று மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை. அவரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.