ஒரு வரி மட்டும் இருந்த செட்டிங்ஸ் ஃபைல்

கொழும்புக்குப் போன பஸ்ஸை யாரோ வழியில் நிறுத்தி அண்ணனை இறக்கிக் கொண்டுபோன மூன்றாம் நாள், நான் பலாபத்வலயிலிருந்து மாத்தளைக்குக் கடை வேலைக்கு வந்தேன். வீட்டில் இருந்தால் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதோடு, அவனைக் காணவில்லை என்ற முறைப்பாட்டுப் படிவத்தைக் கடையில்தான் நிரப்ப முடியும். கையால் எழுதினால் கவுண்டரில் திருப்பிவிடுவார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு தாள்தான் கொடுப்பார்கள்.

நானும் அண்ணனும் ரஸீன் நானாவின் டைப்செட்டிங் கடையில் வேலை செய்தோம். அரசாங்கப் படிவங்களில் எழுத்து பெட்டிக்குள் விழும்படி அச்சடிக்க அண்ணன் ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தான். ஒவ்வொரு படிவத்துக்கும் இடது ஓரம், வரி இடைவெளி எல்லாம் ஒரு டேபிளில் இருந்தன. எத்தனையோ தாளைப் பாழாக்கித்தான் அந்த எண்களைப் பிடித்தான். நான் எட்டாம் ஆண்டோடு நின்றவள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுதான் என் படிப்பு.

விபரத்தை டைப் பண்ணி, தாளைப் பிரிண்டரில் வைக்கும்போது கரண்ட் போனது. யூ.பி.எஸ்ஸில் கம்பியூட்டர் மட்டும் ஓடியது. நானா அதையும் நிறுத்தச் சொன்னார். நிறுத்தும் முன் டேபிளைச் சேவ் பண்ணினேன்; சேவ் ஆகிவிட்டது என்று திரையில் வந்தது. பார்த்துவிடலாம் என்று செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்தேன்.

ஒரே வரி. டேபிள் என்ற ஆங்கிலச் சொல், பக்கத்தில் ஒரு நீண்ட எண். அண்ணன் டேபிளை அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறான். உள்ளே இருப்பதை விட்டுவிட்டு, மெமரியில் அது இருக்கும் இடத்தை மட்டும் ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறது. மெஷின் நின்றால் எல்லாம் போய்விடும். கிழமைக்கணக்காக அவன் மெஷினை நிறுத்தவே இல்லை, அவன் போன பிறகும் யாரும் நிறுத்தவில்லை. அவனுக்கே தெரிந்திருக்காது.

“பத்து நிமிஷம் தாங்காது தங்கச்சி. அண்ணன் இல்லாம ஒங்களுக்கு ஏலுமா?” என்றார் நானா.

“முடியாட்டி, நாளைக்கு எண்ணைத் திரும்பப் பிடிக்க எந்தத் தாள்ல போட்டுப் பார்க்கிறது நானா?”

டேபிளில் இருப்பதை ஒவ்வொன்றாக எழுத ஒரு லூப் போட்டேன். படிவங்களின் பெயர் வந்தது. எண் வர வேண்டிய இடத்தில் மறுபடியும் அதே சொல். டேபிளுக்குள் டேபிள். யூ.பி.எஸ் கத்தத் தொடங்கியது. உள்ளே டேபிள் வந்தால் அதையும் திறந்து எழுத, ஃபங்ஷன் தன்னையே கூப்பிடும்படி மாற்றினேன். அடைப்புக்குறியை மூட மறந்ததில் ஒரு எரர். திருத்தினேன். இந்தமுறை ஃபைலில் வரிவரியாக எழுத்து இருந்தது. முறைப்பாட்டுப் படிவம், இடது ஓரம் பதினெட்டு. அதைக் கண்ணால் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் திரை இருண்டது.

பின்னேரம் கரண்ட் வந்தது. ஸ்கிரிப்ட் அந்த எழுத்தை வாசித்துத் திரும்ப டேபிளாக்கிக்கொண்டது. தாள் ஒரே தடவையில் சரியாக வந்தது. மறுநாள் கவுண்டரில் ஒரு குறையும் சொல்லாமல் வாங்கினார்கள். அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த கிழமை ஒரு ஆஸ்பத்திரியில் அண்ணனின் உடலைக் காட்டினார்கள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சேவ் ஆகிவிட்டது என்று திரையில் வந்தால் நம்பாதீர்கள். ஃபைலைத் திறந்து வாசியுங்கள். மெஷினை ஒருமுறை நிறுத்தி, திரும்பப் போட்டு, லோட் ஆகிறதா என்று பாருங்கள்.

பிறகு மற்றப் படிவங்கள் மாறின, எண்களைத் திருத்தினேன். முறைப்பாட்டுப் படிவம் மட்டும் மாறவில்லை. எத்தனையோ அம்மாமார் தங்களுக்குக் கிடைத்த ஒரே தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் பிள்ளைகளின் பெயரும் அண்ணன் போட்ட எண்ணில்தான் பெட்டிக்குள் சரியாக விழுந்தது.